375 என்று எழுதிய பிள்ளையிடம் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வந்தால் எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்று எல்லாப் பத்திரிகையும் பட்டியல் போடும், உங்கள் பத்திரிகையும்தான். தஞ்சாவூர் முந்தியதா திருவாரூர் பிந்தியதா என்று டீக்கடையில் ஒரு வாரம் ஓடும். அப்புறம் அதிகாரிகள் கூட்டம், தலைமையாசிரியர் கூட்டம், காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். மெல்லக் கற்பவர் என்று பேர் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சின்னக் கையேடு, இதை மட்டும் படி, 35 வந்துவிடும் என்று. அந்தக் கையேட்டை நான் குறை சொல்லவில்லை, பத்தாவதில் பிப்ரவரி மாதம் வேறு என்னதான் செய்ய முடியும்? அந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோனது என்று ஆறாவதிலோ ஏழாவதிலோ யாரும் பார்க்கவில்லையே, அதுதான் என் வருத்தம்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள் நான். இப்போதும் சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது இந்த மாதிரிக் கணக்கு: 403-இல் 178 போனால் மீதி 375. மேலே சிவப்பு மையில் ஒரு தப்புக் குறி, அவ்வளவுதான். ஆனால் 375 குருட்டாம்போக்கில் வந்ததில்லை. எட்டில் மூன்று போக 5, ஏழில் பூஜ்ஜியம் போக 7, நாலில் ஒன்று போக 3. மேலே எது கீழே எது என்று பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். கடன் வாங்குவது, அதுவும் நடுவில் பூஜ்ஜியம் வந்தால் வாங்குவது, அவனுக்குப் புரியவே இல்லை. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகிற விஷயம். கேட்காமல் இன்னும் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் பத்தையும் அதே மாதிரிதான் போடுவான், பழக்கம் இன்னும் இறுகிப்போகும்.

பின்னமும் அப்படித்தான். 1/2-உம் 1/3-உம் கூட்டினால் 2/5 என்று எழுதாத பிள்ளை குறைவு. இதே பிள்ளைக்கு மூன்று மா ஓர் ஏக்கர் என்பது தண்ணீர் பட்ட பாடு, அப்பா எத்தனை மா குத்தகைக்குப் பிடித்திருக்கிறார் என்று கேட்டால் டக்கென்று சொல்லும். சரி, அரை ஏக்கர் என்றால் ஒன்றரை மா, அதோடு இன்னொரு மா சேர்ந்தால் இரண்டரை மா, அப்படியானால் ஏக்கரில் பாதிக்குமேல் ஆகுமா குறையுமா என்று கேளுங்கள். 2/5 என்பது பாதியைவிடக் குறைவு, அது வரவே வராது என்று அதுவே சொல்லிவிடும். ஆறில் ஐந்து பங்கு என்று வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், ஆகட்டுமே.

இன்னொன்று, கணக்கில் மார்க் எடுக்காத பிள்ளைக்குக் கணக்குதான் வரவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பி, கேள்வியையே படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். தனியாகக் கூப்பிட்டுத்தான், நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிறுத்தி அல்ல. வகுப்பில் கேள்வி கேட்பதாக இருந்தால், "நாளைக்கு இந்தக் கேள்வியை உன்னிடம்தான் கேட்பேன்" என்று முதல் நாளே காதில் போட்டுவிட்டால் போதும், தயாராகி வரும். பக்கத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை உட்கார வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் நோட்டைக் கொடுத்துக் காப்பியடிக்க விடாதே, வாயால் சொல்லிக்கொடு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் எழுத்துகள் தலைகீழாகவே வருகின்றன, பலகையைப் பார்த்து எழுத முடியவில்லை என்றால் திட்டுவதில் பயனில்லை. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும், அப்புறம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகைகளும் உண்டு. சான்றிதழ் வாங்க அலைய வேண்டும் என்பதால், பத்தாவதில் போய் இதைச் சொன்னால் பெற்றோர் என்ன செய்வார்கள்?

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களை ஏற்றுவதற்கே பாதி நேரம் போகிறது என்று அவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்துப் பிரித்தார்கள், எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க 2025-இல் 'திறன்' திட்டம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மற்ற பீரியடுகளில் அதே பிள்ளை அதே பெஞ்சில் வாய் திறக்காமல்தானே உட்கார்ந்திருக்கிறது? ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, வேண்டியதைக் கூடுதலாகக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதைத் தனியாக ஒரு திட்டத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

கடைசியாக நம் டெல்டாவுக்கே உரிய ஒரு சங்கதி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று வரிசையாக லீவு விடுகிறார்கள். திறந்த அன்றைக்கே விட்ட இடத்திலிருந்து பாடம் ஓடும், டிசம்பரில் அரையாண்டு நிற்கிறதே. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். நடவுக்கும் களைக்கும் போகிற வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? லீவை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள் இல்லையா, அந்தச் சனிக்கிழமைகளில் பாதியையாவது போர்ஷனுக்குக் கொடுக்காமல் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டைப் பார்ப்பதற்கு ஒதுக்கலாம். தஞ்சாவூரையும் சேர்த்து நான்கு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களும் மழைக்கு முன்பே இதைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம்.