கறுப்புக் காரும் காலை நேரத்து ஈரத்துணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வாகனப் பராமரிப்புக் குறிப்பில், கறுப்பு நிறக் கார் வைத்திருப்பவர்கள் அதைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றும், மெல்லிய கீறல்களுக்குப் பற்பசையும் மங்கலுக்குத் தேங்காய் எண்ணெயும் போதும் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், எட்டு ஆண்டுகளாகக் கறுப்புக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு குரோம்பேட்டையின் போர்வெல் தண்ணீரோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையிலும், இந்த மூன்று யோசனைகளையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதலாவதுதான் மிகவும் கெடுதலானது.

இன்றைய கார்களில் நம் கை தொடுவது கறுப்புப் பெயின்ட்டை அல்ல. தகட்டின் மேல் மின்சாரத்தால் படிய வைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் சேர்ந்தும் மொத்தக் கனம் சுமார் 100 முதல் 130 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனம்கூடப் பெரும்பாலும் இதைவிட அதிகம். நாம் மெச்சுகிற பளபளப்பு முழுவதும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் வேதிப்பொருளும் இதில்தான் கலந்திருக்கிறது. தேய்த்து எடுத்துவிட்டால் மறுபடி வளர்வதில்லை.

கறுப்பில் மட்டும் கீறல் ஏன் இப்படி உறுத்துகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளை நிறமி தன் மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், கீறல் சிதறடிக்கும் சிறிதளவு ஒளி அதில் கரைந்துபோகிறது. கறுப்போ உள்ளே நுழையும் ஒளியை விழுங்கிவிடுவதால், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தவிர வேறொன்றும் நம் கண்ணுக்கு வருவதில்லை. ஆகவே மயிரிழைக் கீறல்கூட வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கிறது. வெயிலில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்ட வட்டமாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, வட்டமாகத் துடைத்ததால் வந்த வினை என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. இரவில் ஒரு டார்ச் விளக்கைக் காட்டி நகர்த்தினால், அந்த வட்டமும் கூடவே நகர்வதைப் பார்க்கலாம்.

சரி, கீறல்களைப் போடுவது யார்? எங்கள் அடுக்ககத்தில், மற்ற அடுக்ககங்களிலும் அப்படித்தான் இருக்கும், விடியற்காலையில் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாக வந்து பதினைந்து இருபது கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறார். முதல் காரின் புழுதி துணியில் ஏறி இரண்டாவது காரிலும் மூன்றாவது காரிலும் தேய்கிறது. தெருப்புழுதியில் மணல் துகள் உண்டு; மணல் கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமானது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாம் கேட்டுக்கொண்டதைத்தான் அவர் செய்கிறார். என் காரைப் பொறுத்தவரை, சம்பளத்தைக் குறைக்காமல், கண்ணாடிகளையும் சக்கரங்களையும் கால்மிதிகளையும் மட்டும் சுத்தம் செய்தால் போதும், மற்ற இடத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருடைய வேலையில் எனக்குத் திருப்தியில்லை என்று நினைத்து அவர் வருந்தியதையும், அப்படியில்லை என்று விளக்க எனக்கு இரண்டு வாரம் ஆனதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். புழுதி படிந்து நிற்பதால் மட்டும் கறுப்புக் காருக்குப் பெரிய கெடுதல் இல்லை. அந்தப் புழுதியோடு சேர்த்துத் துடைப்பதில்தான் கெடுதல். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, இறகுத் துடைப்பான், பட்டறைகளில் கையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் (அதில் தையல் விளிம்புகள் வேறு இருக்கும்) எல்லாம் ஒரே ரகம். புழுதி படிந்த காரின் மேல் உறையைப் போட்டுவிட்டால், காற்றடிக்கும்போதெல்லாம் அந்த உறையே உப்புத்தாளாக வேலை செய்யும்.

வாரத்துக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது கழுவினால் போதும். முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு கரைசலும், இன்னொரு வாளியில் வெறும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, மேற்கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மைக்ரோஃபைபர் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பின்னரே ஷாம்புவில் தோய்க்க வேண்டும். துணி தோய்க்கும் பவுடர் வேண்டாம். சக்கரத்துக்குத் தனித்துணி.

கழுவுவதைவிடச் சிரமமானது, கழுவிய பின் காரின் மேல் நிற்கும் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரையிலும் வைத்திருக்கிறது. அந்த 600 மில்லிகிராம் தண்ணீர் ஒரு லிட்டர் காரின் மேல் நின்று காய்ந்தால், அரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு உப்பு அங்கேயே தங்கிவிடும். கறுப்பில் அது அம்மைத் தழும்பு போலத் தெரியும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும் என்பதால், தரை கழுவ அது ஏற்றது, கறுப்புக் காருக்கு ஏற்றதல்ல. நான் இறுதி அலசலுக்கு ஏ.சி.யின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு ஏறக்குறைய இருப்பதில்லை. தூசி வரும் என்பதால் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே இரவில் அரை வாளிக்குக் குறையாமல் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நின்ற துளிகளைத் தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கலாம். ஏற்கெனவே படிந்துபோன வெள்ளைப் புள்ளிகளுக்கு, சமபங்கு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் நனைத்த துணியை நிழலில் ஓரிரு நிமிடம் ஒட்டி வைத்துவிட்டு நன்றாகக் கழுவிவிடலாம்.

பற்பசையில் இருப்பது பல்லின் கறையை எடுப்பதற்கான அரைதூள். அதன் பருமன் கார் பாலிஷுக்காக அளவிட்டு அரைக்கப்பட்டதல்ல. ஒரு கீறலை மழுக்கி, அந்த இடத்தைச் சுற்றிலும் மங்கலாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் கீறலின் பள்ளத்தை நிரப்பி இரண்டு நாளைக்கு மறைக்கும்; மூன்றாம் நாள் தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். டீசல் போட்டுத் துடைப்பதும் இதே கணக்குதான்.

உண்மையான பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் அடி வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. நகத்தை ஓட்டும்போது தட்டுகிற கீறலை வீட்டில் எடுக்க முயல வேண்டாம், அது ஆழம். மற்றவற்றுக்கு, ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பட்டறை மெஷினை விட்டுவிட்டு, சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷினை வாங்கிக்கொள்வது நல்லது. இதில் சூடு கிளம்பிப் பெயின்ட்டைப் பொசுக்கிவிடும் அபாயம் குறைவு. விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஒரு மூலையில் மட்டும், மிக மென்மையான ஃபோம் பேடும் மிக நைசான பாலிஷும் கொண்டு, பட்டாணி அளவில் நான்கு சொட்டு வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலுமாக மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அது போதாதபோதுதான் அடுத்த படி. பெரும்பாலோர் முதலிலேயே ரப்பிங் காம்பவுண்ட் என்ற கரகரப்பான அரைபசையில் தொடங்கிவிடுகிறார்கள். கடினமான காம்பவுண்ட் ஒரே முறையில் சில மைக்ரான்களை எடுத்துவிடும். காரின் ஆயுள் முழுவதும் சேர்த்துப் பத்து மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் பாலிஷ் போடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பழைய கார்களின் பானெட்டிலும் கூரையிலும் தேமல் போல வெளுத்து உரிந்திருப்பது கிளியர் கோட் போய்விட்டதன் அடையாளம். பாலிஷ் முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டியூப் லைட்டில் அல்லாமல் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசையால் மறைந்திருந்த கீறல்கள் அப்போது வெளிவந்துவிடும்; டியூப் லைட்டில் எந்தக் காரும் புதிதாகத்தான் தெரியும்.

மேற்பூச்சுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரேசில் நாட்டுப் பனை இனம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு நம் வெயிலில் சில வாரங்கள் தாங்கும்; போடுவதும் எளிது. டெஃப்லான் பூச்சு என்று விற்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: அந்தப் பொருள் உருகுவதற்கே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும், கார் பெயின்ட்டை நாங்கள் அடுப்பில் சுட்டதே 140 டிகிரியை ஒட்டித்தான். ஆகவே அது காரின் மேல் உருகிப் படிய வழியில்லை. செராமிக் பூச்சு நல்லதுதான், ஆனால் அதன் விளம்பரத்தில் வரும் ‘9 எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அதே அழுக்குத் துணி அதையும் கீறும்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆயுத பூஜையன்று பானெட்டில் குழைத்து வைக்கும் சந்தனமும் குங்குமமும் மறுநாள் காய்ந்து இறுகியிருக்கும். அதை யாராவது விரலால் சுரண்டியோ துணியால் தேய்த்தோ எடுப்பார்கள். மூன்று ஆண்டுகள் அந்த இடத்தை மட்டும் தனியாக பாலிஷ் செய்த பிறகு, பொட்டை முன்கண்ணாடியின் மூலையில் வைக்கலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அங்கேயும் சாமிக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார் என் தாயார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.