புரட்டாசி முடியட்டும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா,
ஜூன்.

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கிரேடவுன் மேட்டில் உறைபனி விழத் தொடங்கியிருக்கும், காலையில் காதை மூடாமல் தோட்டத்துக்கு இறங்காதே. போன கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை.

இந்த மாதமே வாட்டில் மரத்துப் பட்டையை உரிக்க ஆள் பேசிவிட்டாய் என்று உன் அத்தை சொன்னாள். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜூன், ஜூலை இங்கே காய்ந்த மாதங்கள், பட்டை வராது. மழைக்காலத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இளந்திசு வளரும். அப்போது அடியில் கோடாலியால் கீறி நெம்பிவிட்டால் நீள நீளமாக மேலே ஏறிக் கிழியும். மழை நின்றால் வளர்ச்சி அடங்கி, பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். தட்டித் தட்டி எடுத்தால் துண்டு துண்டாகத்தான் வரும். காய்ந்த மாதத்தில் பட்டையில் நீர் குறைவு, எடைக்குத் தோல் பதனிட உதவும் துவர்ப்புச் சத்தான டானின் கூடுதல் என்று யாராவது உனக்குக் கணக்குச் சொல்லியிருக்கலாம். பாதிப் பட்டை மரத்திலேயே நின்றுவிட்டால் அந்தக் கணக்கு எதற்கு?

மரத்துக்கும் வயது ஆறுதானே? பத்து வயது மரத்தில் பட்டை தடிப்பு, டானினும் அதிகம். காய்ந்த பட்டையில் மூன்றில் ஒரு பங்கு டானின் வேண்டுமென்றால் மரம் முற்ற வேண்டும். அடிமரத்துப் பட்டையில்தான் சத்து, உச்சிக்குப் போகப் போக மெலியும். இளமரத்தை வெட்டினால் எல்லாமே உச்சிப் பட்டை மாதிரிதான்.

நடும்போது குழிக்குக் குழி சூப்பர் பாஸ்பேட் வைத்தாயே, அதை இங்கே எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சிவப்புக் களி புளித்த மண், அமிலம் அதிகம். உரத்தின் மணிச்சத்தைத் தானே பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. கீழ்ச்சரிவில் மண் ஆழம், அங்கே பட்டை தடிக்கும். பாறை தெரியும் மேட்டில் வேர் இறங்காமல் மரம் வாடும், கோந்து வடியும். அந்தப் பட்டை மழையிலும் லேசில் உரியாது. மேட்டு மரங்களைத் தனியாகக் குறித்து வை. 2013-இல் வந்த துருநோய் இன்னும் போகவில்லை, இலையையும் புரட்டிப் பார்.

உரித்த பட்டையை மழையில் விட்டால் டானின் கரைந்து போகும். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். நாள் கடந்தால் சிவக்கும், அதிலிருந்து எடுக்கும் சாறும் சிவக்கும், விலை விழும். பச்சைப் பட்டை சில நாளுக்குள் சாறு எடுக்கும் டால்டன் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். லாரி உறுதியாகாமல் ஒரு மரத்தையும் தொடாதே. இரண்டு டன் பச்சைப் பட்டை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு டன்தான், பணக் கணக்கை அதை வைத்துப் போடு.

புரட்டாசி விரதம் முடியட்டும். நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு ஒரு மரத்தில் உள்ளங்கை அகலம் நெம்பிப் பார். சிரமமில்லாமல் ஏறினால் அந்தப் பக்கத்து மரங்களில் தொடங்கு. அதற்கு முன் வேண்டாம், தம்பி. இந்தக் குளிரில் வேண்டவே வேண்டாம்.

அதுவரை எவ்வளவு தேவைப்படும் என்று தொகையை மட்டும் எழுது. காரணம் எழுத வேண்டாம். அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

பேசிய ஆட்களை அனுப்பிவிடாதே. ஆகஸ்ட் காற்றுக்கு முன் வேலியோரப் புல்லை வெட்டி, தீ தாண்டாத அகலத்துக்கு மண் தெரியச் சுரண்டச் சொல். அந்த வேலைக்குக் கூலி நான் கொடுக்கிறேன்.

அப்பா