சிசேரியன் தழும்பும் துளைவழி அறுவையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிசேரியன் செய்துகொண்ட பெண்ணுக்குக் கருப்பையை அகற்ற நேர்ந்தால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று; வயிற்றில் சிறு துளைகளிட்டு அவற்றின் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி என்ற முறையும் உண்டு. பழைய தழும்பால் சிறுநீர்ப்பை கருப்பையின் கீழ்ப்பகுதியோடும், சில வேளைகளில் கருப்பையே வயிற்றுச் சுவரோடும் ஒட்டிக்கொள்வதுண்டு என்பதும், அதனால் சிறுநீர்ப்பை காயமடையும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் மெய்தான். ஆயினும், ஒட்டல் இருக்கக்கூடிய தொப்புள் பகுதியைத் தவிர்த்து இடது விலா எலும்புகளுக்குக் கீழே முதல் துளையிட்டு, தழும்பு இறுகிய நடுப்பகுதியை விட்டுப் பக்கவாட்டில் இளகிய திசுவின் வழியே நுழைந்து, சிறுநீர்ப்பையில் உப்புநீர் நிரப்பி அதன் எல்லையைக் கண்டறிந்து பிரித்தால், தேர்ந்த கைகளுக்கு லேப்ராஸ்கோப்பி பெரும்பாலும் இயலக்கூடியதே.

காயம் நேர்ந்தாலும் அப்போதே கண்டுபிடித்துத் தைத்துவிட்டால் பொதுவாக நன்கு ஆறிவிடும். கண்ணில் படாமல் போன காயமே பின்னர் ஓயாத சிறுநீர்க் கசிவாக வதைக்கிறது. நடுவில் திறந்த அறுவைக்கு மாறுவதை மருத்துவரின் தோல்வி எனப் பேசுவோரும் உண்டு. என் பார்வையில் அது நிதானத்தின் அடையாளம். அந்த மாற்றத்துக்கான வாய்ப்பை நோயாளியிடம் முன்கூட்டியே விளக்காமல் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதுதான் குறை. இதுபற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்