அண்ணனுக்கு நினைவஞ்சலி: ஞாயிறு காலை 6 மணி, மெரினா

நண்பர்களே, வணக்கம். 400 மீட்டரில் நம் கல்லூரிக்காக ஓடி, பிறகு உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்த அண்ணனுக்கு வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு உழைப்பாளர் சிலை அருகே அஞ்சலி செலுத்துகிறோம். தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில், வழக்குக் கட்டுகளுக்கு அடியில், ஆணி துருப்பிடித்த அவருடைய பழைய ஓட்டக் காலணி கடைசிவரை இருந்தது. அவர் மகள் அதைக் கொண்டுவருகிறார்.

1. மாலை வேண்டாம். அந்தப் பணத்தில் கல்லூரி ஓட்டக்காரர்களுக்குக் காலணி வாங்குவோம்.
2. மௌன அஞ்சலிக்குப் பின் 400 மீட்டர் நடை. முழங்கால் வலிக்காரர்கள் உட்காரலாம். அண்ணன் இருந்தால் விட்டிருக்க மாட்டார்!
3. பழைய மைதானப் படங்கள் இருந்தால் எடுத்து வாருங்கள்.
4. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரை இங்கே எழுதுங்கள். கைகூப்பும் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.