வீட்டுப் பட்டியலில் அவள் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான அந்தப் பதினாறு நாள் வந்துவிட்டால் ஹட்டன் டவுனில் எங்கு பார்த்தாலும் செம்மஞ்சள்தான். தொப்பி, ரிபன், பதாதை, ஒரு வீதி நாடகம். உங்கள் பத்திரிகையிலும் படம் வரும். வரட்டும், நல்லதுதான். நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் டிவிஷன் மாதர் சங்கத்துக் கணக்குக் கொப்பி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அடி வாங்கிய பெண்கள் இரவில் முதலில் கதவைத் தட்டுவது எங்களைப் போன்றவர்களிடம்தான் என்பதால், ஊர்வலம் முடிந்த பிறகு நடப்பதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருப்பது இப்போது எங்கள் பெண்களுக்குத் தெரியும். அது தொண்டு நிறுவனப் பிள்ளைகள் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கிச் சொன்னதால் வந்தது. நீதவானிடம் போனால் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை தரலாம், அப்புறம் விசாரித்து 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை தரலாம், அடிக்கிறவனை வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் சொல்லலாம். சரி, எந்த வீடு? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பக்கத்துக் காம்பராவில் அவன் அண்ணன், அதற்கடுத்ததில் அவன் அம்மா. காம்பராவோ தோட்டத்துக்குச் சொந்தம், அவன் குடும்பம் பரம்பரையாக இருக்கிற இடம். வேறு தோட்டத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள் கட்டளைக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லயத்தில் எத்தனை நாள் தனியாக இருப்பாள்?

என் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடந்து வளர்ந்த ஒரு பெண் இப்படித்தான் மூன்று பிள்ளைகளோடு அம்மா காம்பராவுக்குத் திரும்பி வந்தாள். அங்கே ஏற்கெனவே அண்ணன் குடும்பம் ஆறு பேர். இஸ்தோப்பில், முன் திண்ணையில், சாக்கு கட்டிப் படுத்தார்கள். அண்ணி மூன்றாம் நாளே பாத்திரத்தை ஓங்கி வைக்கத் தொடங்கிவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பொலிசுக்குப் போனோம். எந்தப் பொலிஸ் என்பது வேண்டாம். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் அதை வாசித்துச் சொன்ன பிறகுதான், கணவனோடு சமாதானமாகப் போகச் சம்மதம் என்று அவள் சொன்னதாக அதில் இருப்பது தெரிந்தது. அந்த உத்தியோகத்தர் மட்டும் இல்லாவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர்தான் திரும்பவும் எழுதவைத்தார், அடிபட்ட பெண்களுக்கு உதவுகிற ஆஸ்பத்திரி நட்பு நிலையத்துக்குக் கூட்டிப்போனார், சட்ட உதவி ஆணைக்குழுவில் காசில்லாமல் சட்டத்தரணி பிடித்துக் கொடுத்தார்.

அடுத்தது பாதுகாப்பு இல்லம். இடம் இருந்தது. ஆனால் தாயையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் எடுக்கலாம், பதின்மூன்று வயதுப் பையனை எடுக்க முடியாது என்றார்கள். அங்கே தங்கியிருக்கும் மற்றப் பெண்களை நினைத்தால் இல்லத்தின் அந்த விதியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மகனை அந்தக் குடிகாரனிடம் விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்? அவனிடமே திரும்பிப் போனாள். இரண்டு மாதத்தில் கை உடைந்து மறுபடி வந்தாள்.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது டவுனுக்கு வெளியே ஒரு வாடகை அறை. வீட்டுக்காரர் ஆறு மாத முற்பணம் கேட்டார். பாதியை எங்கள் சங்கத்துச் சேமிப்பிலிருந்து கடனாகக் கொடுத்தோம், மீதியை அந்த உத்தியோகத்தர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கி வந்தார். மல்லுக்கட்ட வேண்டியிருந்ததற்குக் காரணம், அவர்கள் கணக்கில் விழிப்புணர்வுக்கு ஒதுக்கீடு உண்டு, பயிற்சிப் பட்டறைக்கு உண்டு, வாடகைக்கு இல்லை. ஹோட்டல் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டோடு, ஆளுக்கொரு ஃபைலும் பேனாவும் கொடுத்து நடக்கிற ஒரு நாள் பட்டறைக்கு என்ன செலவாகும் என்று எனக்கும் தெரியும். அப்படி ஆறு ஃபைல் என் அலுமாரியில் இருக்கிறது. பணம் கொடுக்கிற வெளிநாட்டு அமைப்புகளும், கொழும்பில் இருந்து திட்டம் எழுதுகிறவர்களும் ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் வாடகை முற்பணம், பஸ் காசு, பிள்ளைகளின் சப்பாத்து, ஒரு காஸ் அடுப்பு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதைச் செலவழிக்கும் அதிகாரத்தை இங்கே களத்தில் நிற்கிற பிள்ளைக்கே கொடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. லயத்தை ஒழித்துத் தனி வீடு கட்டுகிறோம் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் வந்து அறிவித்த 10,000 வீடு. ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. தாமதத்தைப் பற்றி உங்கள் வாசகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் டிவிஷனில் பட்டியல் எடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு ஒரே ஒரு பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பெண் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், காம்பராவில் இருந்தது புருஷன், அவன் பெயர் பதிவானது. நாளைக்கு அந்த வீடு கிடைத்து, அதற்குள்ளும் அடி விழுந்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது மறுபடியும் அவள்தான். இருவர் பெயரையும் எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு கோடு போதும். பிரிந்து வந்து பிள்ளைகளோடு அம்மா காம்பராவில் ஒண்டியிருக்கும் பெண்ணைத் தனிக் குடும்பமாகக் கணக்கெடுக்கவும் வேண்டும். இப்போது அவள் அண்ணனின் பட்டியலிலும் இல்லை, கணவனின் பட்டியலிலும் இல்லை.

மண்சரிவு வந்தாலும் இதே கதைதான். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயலையும் பார்த்தோம். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறபோது, யாரிடமிருந்து ஓடி வந்தாளோ அவனும் நாலு பாய் தள்ளிப் படுத்திருப்பான். நிவாரணப் பொதி குடும்பத் தலைவன் கைக்குத்தான் போகும். முகாமுக்குப் பொறுப்பான கிராம உத்தியோகத்தரோடு ஒரு பெண் உத்தியோகத்தரும் இரவில் தங்க வேண்டும் என்று எங்கள் சங்கம் கடிதம் கொடுத்திருக்கிறது. இன்னும் பதில் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. அதைப் பதினாறு நாளுக்கு மட்டும் போடாமல், ராசிபலன் பக்கத்தின் மூலையில் தினமும் போடுங்கள். எங்கள் லயத்தில் பத்திரிகை வாங்குகிற வீடுகளில் அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு சொல்: கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள், சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்,
பொகவந்தலாவை.
(அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.)