அவசர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த தாமதம் குறித்த புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்

பொருள்: நெஞ்சுவலி நோயாளிக்கு இ.சி.ஜி. எடுப்பதில் தாமதம் – விளக்கமும் நடவடிக்கையும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த வாரம் நெஞ்சுவலியோடு தங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்ட என் தந்தைக்கு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கடந்த பிறகே இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. இத்தகைய நோயாளிக்கு வந்து சேர்ந்த 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்றும், மாரடைப்பு உறுதியாகி அங்கேயே ஆஞ்சியோபிளாஸ்டி செய்வதானால், வந்து சேர்ந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறக்க வேண்டும் என்றும் இதய மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அந்த 90 நிமிடங்களில் பெரும்பகுதி தங்கள் பதிவு மேசையிலேயே கழிந்தது. மாரடைப்பு இல்லை என்று பின்னர் தெரிந்தது எங்கள் நல்லூழ். அதில் தங்கள் நிர்வாகத்தின் பங்கு ஏதுமில்லை.

காரணம் கேட்டபோது, கூட்டம் அதிகம் என்றார்கள். இ.சி.ஜி. எடுக்கப் படுக்கை காலியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நுழைவாயில் அருகே ஒரு சாய்வு நாற்காலியும், மருத்துவரின் தனி உத்தரவுக்குக் காத்திராமல் எடுத்துவிட அனுமதி பெற்ற ஒரு செவிலியரும் போதும். பெயரும் முகவரியும் எழுதிய பிறகே நோயின் தீவிரத்தைப் பார்ப்பது என்ற தங்கள் வரிசைமுறைதான் முதல் தவறு.

கூட்டத்துக்கும் காரணம் வாசலில் இல்லை. உள்ளிருந்த படுக்கைகள் பலவற்றில், உள்நோயாளியாகச் சேர்க்க முடிவான பின்னும் வார்டில் இடம் கிடைக்காதவர்களே படுத்திருந்தார்கள். வார்டிலோ, காலையில் மருத்துவர் பார்வையிட வந்தபோதே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டவர்கள் டிஸ்சார்ஜ் குறிப்புக்கும் இறுதி பில்லுக்குமாக மாலைவரை காத்திருந்தார்கள். மேல்தளத்தில் ஒரு காகிதம் தாமதமானால் கீழ்த்தளத்தில் ஒரு நோயாளி நடைபாதையில் கிடக்கிறார். சாதாரணக் காய்ச்சலுக்கு இங்கே வராதீர்கள் என்று தாங்கள் வைத்திருக்கும் பலகை இதற்குத் தீர்வாகாது, ஏனெனில் அத்தகையோர் பெரும்பாலும் படுக்கையைப் பிடிப்பதில்லை. அவர்களைத் தனி மருத்துவர் ஒருவர் விரைவாகப் பார்த்து அனுப்பிவிடலாம்.

எனவே, தீவிரம் பார்த்த பின்பே பதிவு என்ற முறையை உடனே நடைமுறைப்படுத்தவும், டிஸ்சார்ஜ் வேலைகளை நண்பகலுக்குள் முடிக்க ஒருவரைப் பொறுப்பாக்கவும், வார்டுக்காகக் காத்திருப்போரின் எண்ணிக்கையை நாள்தோறும் தங்கள் பார்வைக்கு வரச் செய்யவும் வேண்டுகிறேன். தந்தை வந்த நேரம், இ.சி.ஜி. எடுத்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம் ஆகியவற்றின் பதிவு நகலுடன் 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும். தொலைபேசியில் வருத்தம் தெரிவிப்பதைப் பதிலாக ஏற்க இயலாது.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்