ஆங்கிலம் எடுப்பவர்கள் கவனத்துக்கு: குப்பைத் தொட்டியும் சொட்டும் குழாயும்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்குச் சுவரொட்டி எழுத வைப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். ஆங்கில இலக்கணத்தையே சுற்றுச்சூழலை வைத்து நடத்திப் பாருங்கள்.

என் ஏழாம் வகுப்பில் 'ஹவ் மெனி' (எண்ணக்கூடியவற்றுக்கு), 'ஹவ் மச்' (எண்ணிக்கையில் சொல்லாதவற்றுக்கு) வித்தியாசம் எத்தனை முறை சொல்லியும் மனதில் நிற்கவில்லை. ஒருநாள் வகுப்புக் குப்பைத் தொட்டியைப் பழைய செய்தித்தாளில் கொட்டி, பிரித்து எண்ணச் சொன்னேன். பேனா மூடி, பாட்டில் எல்லாம் 'ஹவ் மெனி'. காகிதம் வந்ததும் ஒரே வாக்குவாதம்: எண்ண முடிகிறதே, பிறகு ஏன் 'ஹவ் மச்'? நான் விதியைச் சொல்லும் முன்பே கேள்வி அவர்களிடமிருந்து வந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் 'பேப்பரை' எண்ணுவதில்லை, தாள்களைத்தான் எண்ணுகிறோம் என்று 'ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்' அங்கேயே பிடிபட்டது. கையுறை மட்டும் கட்டாயம்.

அப்புறம், சொட்டும் குழாய். அடியில் டம்ளர் வைத்து 10 நிமிடம் பிடித்து அளக்கட்டும். 144-ஆல் பெருக்கினால் ஒரு நாளில் வீணாகும் நீர். 'இஃப் வீ டோன்ட் ஃபிக்ஸ் இட், வீ வில் லூஸ்...' என்ற நிபந்தனை வாக்கியம் தானாக வரும். பிடித்த நீர் செடிக்கு.

மாணவர்கள் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்துவைத்துக் கடைசி 5 நிமிடத்தில் பார்க்கலாம். செய்து பார்த்தவர்கள் மாணவர்கள் எழுதிய ஒரு வாக்கியத்தையாவது இங்கே பகிருங்கள்.